பிசையாத பிரெட்: நம் ஊர்ச் சூட்டுக்கு ஏற்ற கணக்கு

வீட்டில் பிரெட் செய்து பார்த்துக் கைவிட்டவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். இருபது நிமிடம் மாவைப் பிசைந்து தோள்பட்டை வலித்தது, அப்படியும் பிரெட் செங்கல் மாதிரி வந்தது என்பார்கள். பிசையவே வேண்டாத முறை ஒன்று இருக்கிறது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் நான்கையும் கரண்டியால் கிளறி மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் எழுந்து சுடலாம். கை வேலை மொத்தமும் சேர்த்துப் பதினைந்து நிமிடத்தைத் தாண்டாது. கிடைப்பது கடையில் விற்கும் மெத்தென்ற இனிப்பு பிரெட் இல்லை. மேலோடு மொறுமொறுவென்றும், உள்ளே சிறிதும் பெரிதுமாகக் கண்கள் விட்டு, கடித்தால் லேசாக இழுபடும்படியும் இருக்கும் உருண்டை ரொட்டி.

இந்த முறை உலகமெங்கும் வீடுகளுக்குப் பரவியது 2006 நவம்பரில். நியூயார்க் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரியின் ஜிம் லேஹி செய்துகாட்டியதை மார்க் பிட்மன் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதினார். 3 கப் மாவு, கால் டீஸ்பூன் ஈஸ்ட், 12 முதல் 18 மணி நேரம் ஊறல், பிறகு நன்றாகச் சூடேறிய பாத்திரத்தில் மூடிபோட்டுச் சுடுதல். அதில் ஒரு விவரத்தை இங்கே பலர் கவனிப்பதில்லை. மாவை வெதுவெதுப்பான அறையில் வைக்கச் சொன்ன அந்தக் குறிப்பு, வெதுவெதுப்பு என்று கணக்கிட்டது 70 டிகிரி ஃபாரன்ஹீட்டை. செல்சியஸில் அது 21 டிகிரி. சென்னையிலோ மதுரையிலோ சித்திரை இரவில் சமையலறை 31, 32 டிகிரியில் இருக்கும். அங்கே அதே அளவு ஈஸ்ட் போட்டு 18 மணி நேரம் வைத்தால், மாவு பொங்கி, அமுங்கி, கள் வாடை வீசும் கூழாகிவிடும். குறிப்பில் தவறில்லை, செய்தவர் கையிலும் தவறில்லை. கடிகாரம்தான் வேறு ஊருடையது. கீழே உள்ள கணக்கு நம் ஊர் வெப்பத்துக்கு.

பிசையாமல் எப்படி வருகிறது

கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள இரண்டு புரதங்கள் இணைந்து குளூட்டன் என்ற ரப்பர் போன்ற வலையாகின்றன. ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வது இந்த வலைதான். பிசைவது அந்த வலையை வேகமாக நெய்வதற்காக. ஆனால் மாவில் தண்ணீர் தாராளமாக இருந்து, நேரமும் கொடுத்தால், புரத இழைகள் தாமாகவே நகர்ந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். ஈஸ்ட் விடும் காற்றுக் குமிழ்கள் பெருகப் பெருக, அந்த இழைகளை உள்ளிருந்தே இழுத்து நீட்டும். ஆக, கையின் வேலையைத் தண்ணீரும் நேரமும் பங்கிட்டுக்கொள்கின்றன. சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்து வைத்துவிட்டு இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. மாவு இளகி, ஒட்டி, பார்க்கச் சற்றுப் பயமுறுத்தும் பதத்தில் இருந்தால்தான் நடக்கும்.

நீண்ட ஊறலில் சுவையும் கூடுகிறது. நிறைய ஈஸ்ட் போட்டு ஒரு மணி நேரத்தில் பொங்கவைத்த பிரெட்டில் ஈஸ்ட் வாடை மட்டுமே மிஞ்சும். கொஞ்சமாகப் போட்டு இரவெல்லாம் விட்ட மாவில் லேசான புளிப்பும் கோதுமையின் இனிப்பும் சேர்ந்து வரும்.

வாங்க வேண்டியவை

மைதாவில் பார்க்க வேண்டியது புரத அளவு. பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள். 10 கிராமுக்குக் குறைந்தால் ரொட்டி பரந்து தட்டையாகும். 11க்கு மேல் இருந்தால் நல்லது. பிரெட் மாவு என்றே தனியாக விற்பது கிடைத்தால் 12, 13 இருக்கும், அது இன்னும் நன்றாக எழும்பும். கேக்குக்கென விற்கும் மாவும், ஈஸ்டுக்குப் பதில் பேக்கிங் பவுடர் கலந்த மாவும் வேண்டாம்.

ஈஸ்ட் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. இன்ஸ்டன்ட் ஈஸ்ட் பொடிப்பொடியாக, ரவையைவிட நைசான குச்சிகளாக இருக்கும். நேரடியாக மாவில் கலந்துவிடலாம். ஆக்டிவ் டிரை ஈஸ்ட் கடுகுபோல உருண்டையாக இருக்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத்தான் சேர்க்க வேண்டும், அளவும் கால் பங்கு கூடுதலாக வேண்டும். இன்ஸ்டன்ட் வாங்குங்கள், குழப்பம் குறையும். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத சிறு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் பல மாதம் வரும். அலமாரியில் திறந்தபடி வைத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் சில வாரங்களில் செத்துப்போகும். உயிர் இருக்கிறதா என்று சந்தேகமா? அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் ஈஸ்டும் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். மேலே கெட்டியாக நுரை கட்டினால் உயிரோடு இருக்கிறது. தண்ணீர் கலங்கலாக அப்படியே நின்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

டிஜிட்டல் தராசு ஒன்று அவசியம் என்றே சொல்வோம். ஒரே கப்பில் மைதாவைத் தளர்வாகப் போட்டால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம். மூன்று கப்பில் 90 கிராம் வித்தியாசம் வந்தால் தண்ணீர்க் கணக்கு முழுதும் குலையும். இந்த முறையில் தண்ணீர்தான் வேலைக்காரர் என்பதால் அந்தத் தவறைத் தாங்காது.

இன்னொன்று, மாவுக்கு அடியில் போடும் தாள். கடைகளில் பட்டர் பேப்பர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்களைக் கொடுக்கிறார்கள். மெழுகு பூசிய தாள் ஓவனில் புகைந்து ரொட்டியோடு ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியது சிலிகான் பூசிய பேக்கிங் பேப்பர். எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். 230 என்று இருப்பதைத் தேடி வாங்குங்கள்.

அளவு

ஒரு ரொட்டிக்கு, சுட்டபின் ஏறத்தாழ 600 கிராம் வரும்:

மைதா 400 கிராம்
தண்ணீர் 290 மில்லி
தூள் உப்பு 8 கிராம் (ஒன்றேகால் டீஸ்பூனுக்குச் சற்று மேல்)
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் உங்கள் வீட்டு வெப்பத்தைப் பொறுத்து, கீழே பார்க்க

வெளிநாட்டுக் குறிப்புகளில் 400 கிராமுக்கு 300 மில்லிக்கு மேலும் தண்ணீர் இருக்கும். புரதம் குறைந்த நம் மைதா அதைத் தாங்காமல் வழிந்தோடும். முதல் தடவை 280இல் தொடங்கினாலும் தவறில்லை.

ஈஸ்ட் அளவுக்குச் சுவரில் மாட்டும் ஒரு சாதாரண வெப்பமானி பெரிய உதவி. அறை 20 முதல் 22 டிகிரி என்றால் (மார்கழி பெங்களூர், அல்லது இரவெல்லாம் ஏசி ஓடும் அறை) கால் டீஸ்பூன், 12 முதல் 16 மணி நேரம். 25, 26 டிகிரியில் அதே கால் டீஸ்பூனுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் அரைக்கால் டீஸ்பூன் மட்டும், அதுவும் ஃப்ரிட்ஜில் வைத்த குளிர்ந்த தண்ணீரில் கலந்து, 6 முதல் 8 மணி நேரம். அரைக்கால் டீஸ்பூன் கரண்டி இல்லாதவர்கள் கால் டீஸ்பூனை வழித்து நிரப்பி, ஒரு தட்டில் கொட்டி, கத்தி முனையால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். அவ்வளவு கொஞ்சமா என்று மனம் கேட்காது, இன்னும் ஒரு சிட்டிகை போடத் தோன்றும். போடாதீர்கள். வெப்பம் 8, 10 டிகிரி ஏறினாலே ஈஸ்டின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும்.

கலக்குவது

மூன்று லிட்டர் பிடிக்கும் பாத்திரம் எடுங்கள். பக்கம் தெளிவாகத் தெரியும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பா இருந்தால் இன்னும் நல்லது. மைதா, உப்பு, ஈஸ்ட் மூன்றையும் உலர்ந்தபடியே கலந்துகொள்ளுங்கள். தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றி, மரக்கரண்டியின் காம்பால் கிளறுங்கள். அகலப் பக்கத்தைவிடக் காம்பில் மாவு குறைவாக ஒட்டும். உலர்ந்த மாவு எங்கும் தெரியாத வரை கிளறினால் போதும், ஒரு நிமிடம் பிடிக்கும். கட்டி கட்டியாக, முரட்டுத்தனமாக, பஜ்ஜி மாவுக்கும் சப்பாத்தி மாவுக்கும் நடுவில் ஏதோ ஒன்றுபோல இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். மழமழப்பாகட்டும் என்று மேலும் கிளறிக்கொண்டிருக்க வேண்டாம்.

தட்டால் மூடி வையுங்கள். மாவின் மேற்பரப்பு காய்ந்து தோல் கட்டாத அளவுக்கு மூடினால் சரி, காற்றுப் புகாமல் இறுக்க வேண்டாம். டப்பாவின் வெளியே மாவு நிற்கும் உயரத்தில் ஒரு ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். காலையில் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று ஊகிக்க வேண்டியிருக்காது.

அரை மணி நேரம் கழித்து விருப்பமிருந்தால் ஒரே ஒரு வேலை செய்யலாம். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, மாவின் ஒரு ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்து மறுபக்கமாக மடித்துப் போடுங்கள். பாத்திரத்தைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் இப்படி. அரை நிமிட வேலைதான். கலக்கியபோது கிழிந்து வந்த மாவு இப்போது கிழியாமல் நீள்வதைக் கையிலேயே உணரலாம். புரதம் குறைந்த மைதாவுக்கு இந்த ஒரு மடிப்பு நல்ல தாங்கல் கொடுக்கும்.

மாவைப் படிப்பது

தோசை மாவு பொங்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தோசை மாவு கொஞ்சம் கூடுதலாகப் புளித்தாலும் ஊத்தப்பமாவது ஆகும். பிரெட் மாவு அளவு மீறிப் புளித்தால், அமிலமும் நொதிகளும் சேர்ந்து குளூட்டன் வலையையே அரித்துவிடும். பிறகு எவ்வளவு சூடான ஓவனில் வைத்தாலும் எழும்பாது.

சரியான பதத்தில் மாவு இரண்டு மடங்கு உயர்ந்திருக்கும். மேற்பரப்பில் சிறு குமிழ்கள் பரவலாக, நடுப்பகுதி லேசாக மேடிட்டு அல்லது சமமாக இருக்கும். பாத்திரத்தைப் பிடித்து மெல்ல ஆட்டினால் பால்கோவா கிண்டும்போது தளதளப்பதுபோல மொத்தமாக அசையும். ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தால் உள்ளே தேன்கூடுபோல இழை இழையாக நூல்கள் தெரியும். வாசனை மோருக்கும் பழத்துக்கும் இடைப்பட்டது.

நடுவில் பள்ளம் விழுந்து, பாத்திரச் சுவரில் முன்பு ஏறியிருந்த தடம் மட்டும் மேலே தெரிந்தால் தாண்டிவிட்டது என்று பொருள். லேசான பள்ளமென்றால் பயமில்லை, இரண்டாவது ஊறலைப் பாதியாகக் குறைத்து உடனே சுடலாம். மேலே தண்ணீர் பிரிந்து, சாராய நெடி மூக்கில் ஏறினால் உருண்டையாக நிற்காது. அதை எண்ணெய் தடவிய தட்டில் இரண்டு செ.மீ. கனத்துக்குப் பரப்பி, மேலே வெங்காயமும் மிளகும் தூவித் தட்டை ரொட்டியாகச் சுட்டு எடுத்துவிடுங்கள். வீணாகாது.

மணிக்கணக்கைவிட இந்த அடையாளங்களையே நம்புங்கள். ஒரே வீட்டில் ஆடி மாதக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் ஒரு மணி, இரண்டு மணி வித்தியாசம் சாதாரணம்.

கோடையில் இரவு தூக்கத்தை இழக்க விரும்பாதவர்களுக்கு ஃப்ரிட்ஜ் வழிதான் சிறந்தது. சொல்லப்போனால் நம் ஊரில் தொடங்குபவர்கள் இதையே முதல் வழியாக எடுத்துக்கொள்ளலாம். ஈஸ்டை அரை டீஸ்பூனாகக் கூட்டிக் கலக்கி, வெளியே ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், மாவு உப்பத் தொடங்கும் வரை வைத்துவிட்டு, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குறைந்தது 12 மணி நேரம், அதிகம் மூன்று நாள். அவசரமே இல்லை, எப்போது வசதியோ அப்போது சுடலாம். இரண்டாம் நாள் சுடும் ரொட்டியின் சுவை முதல் நாளை மிஞ்சும். குளிர்ந்த மாவு கையில் குறைவாக ஒட்டுவதும் புதியவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

உருட்டி, இரண்டாவது ஊறல்

மேடையில் மாவு தூவி, ஊறிய மாவைத் தோசைத்திருப்பியால் ஓரங்களிலிருந்து விடுவித்து அப்படியே கவிழ்த்துக் கொட்டுங்கள். குத்தி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டாம், இரவெல்லாம் சேர்த்தது அந்தக் காற்றுதான். விரலில் மாவு தொட்டுக்கொண்டு, நான்கு மூலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நடுவுக்கு இழுத்து மடியுங்கள், பொட்டலம் கட்டுவதுபோல. பிறகு மடிப்பு அடியில் போகும்படி திருப்பி, இரண்டு கைகளாலும் அணைத்து உங்களை நோக்கி லேசாக இழுங்கள். மேல்தோல் இறுகி வழவழப்பாவது தெரியும். இரண்டு மூன்று இழுப்பு போதும். தோல் கிழிந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேக்கிங் பேப்பரை ஒரு கிண்ணத்துக்குள் பரப்பி, அதில் உருண்டையை மழமழப்பான பக்கம் மேலே இருக்கும்படி இறக்கி, மாவு தூவி, துணியால் மூடுங்கள். 30 டிகிரி அறையில் 40 முதல் 50 நிமிடம் போதும். ஃப்ரிட்ஜ் மாவுக்கு ஒன்றே கால் மணி நேரம் வரை ஆகலாம். மாவு தொட்ட விரலால் அரை அங்குலம் குத்திப் பாருங்கள். பள்ளம் மெல்ல மெல்லப் பாதி நிரம்பினால் தயார். உடனே துள்ளி நிரம்பினால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம். பள்ளம் அப்படியே நின்றால் தாமதிக்காமல் ஓவனுக்குப் போக வேண்டும்.

சுடுவது

இந்த முறையின் இரண்டாவது சூட்சுமம் மூடிய பாத்திரம். பேக்கரி ஓவன்களில் நீராவி பாய்ச்சுவார்கள். வீட்டு ஓவனில் அது இல்லை. நன்றாகக் காய்ந்த கனமான பாத்திரத்தில் இந்த ஈரமான மாவை வைத்து மூடினால், மாவிலிருந்து எழும் ஆவியே உள்ளே அடைபட்டு நிற்கும். அந்த ஈரம் இருக்கும்வரை மேல்தோல் காயாமல் இளகியிருப்பதால் ரொட்டி தடையில்லாமல் உப்பும். ஆவி பட்ட மாவுப்பசை பின்னால் பளபளப்பான மேலோடாக மாறும்.

பாத்திரம்: மூடியுள்ள வார்ப்பிரும்புப் பாத்திரம் முதல் தேர்வு. அடிகனமான அலுமினியம் அல்லது எவர்சில்வர் பாத்திரமும் ஆகும், மூடி பொருந்தாவிட்டால் அலுமினியத் தாளை இறுக்கிக் கட்டலாம். 3 முதல் 5 லிட்டர் கொள்ளளவு, 20 முதல் 22 செ.மீ. விட்டம். மூடியிலோ கைப்பிடியிலோ பிளாஸ்டிக் இருக்கக் கூடாது. நான்ஸ்டிக் பாத்திரத்தைக் காலியாக இவ்வளவு சூடேற்றாதீர்கள், பூச்சு கெடும். மண்சட்டி காய்ந்திருக்கும்போது ஈரமாவு பட்டால் விரிசல் விடக்கூடும். ஓடிஜி (மேடையில் வைக்கும் சிறு மின் ஓவன்) வைத்திருப்பவர்கள் பாத்திரம் வாங்குமுன் ஓவனின் உட்புற உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மூடிக்கும் மேல் கம்பிக்கும் இடையே மூன்று, நான்கு செ.மீ. இடைவெளி வேண்டும். மைக்ரோவேவ் மட்டுமே உள்ள அடுப்பில் இது வராது. சூடான காற்றைச் சுழற்றும் கன்வெக்ஷன் வசதி இருந்தால், அந்த முறையில் மட்டும் வைத்து, அதன் உச்ச வெப்பத்தில் சுடலாம்.

பாத்திரத்தை மூடியோடு கீழ்த்தட்டில் வைத்து, மேல் கீழ் இரண்டு கம்பிகளையும் இயக்கி, 230 டிகிரியில் அரை மணி நேரம் காயவிடுங்கள். விளக்கு அணைந்ததும் காய்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது ஓவனின் காற்று, கனமான இரும்பு காய இன்னும் நேரமெடுக்கும். இரண்டாவது ஊறல் தொடங்கி கால் மணி நேரத்தில் ஓவனைப் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாக முடியும்.

இனிக் கவனம். தடித்த, உலர்ந்த கையுறை மட்டும். ஈரத்துணியால் பிடித்தால் சூடு நொடியில் கைக்கு ஏறிவிடும். பாத்திரத்தை வெளியே எடுத்து மூடியைத் திறந்து, தாளின் இரு பக்கமும் பிடித்து உருண்டையை உள்ளே இறக்குங்கள். புது பிளேடைத் தண்ணீரில் நனைத்து நடுவே ஒரு செ.மீ. ஆழத்தில் ஒரே கீறல். மூடி, ஓவனுக்குள் வைத்து 30 நிமிடம். பிறகு மூடியை எடுக்கும்போது முகத்தை விலக்கி, திறப்பு மறுபக்கம் இருக்கும்படி எடுங்கள், ஆவி சட்டென்று வெளியே வரும். ரொட்டி நன்றாக எழும்பி, வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும். வெப்பத்தை 220க்குக் குறைத்து, மூடியில்லாமல் 12 முதல் 18 நிமிடம். பொன்னிறத்தில் எடுத்துவிடாதீர்கள். வறுத்த கடலைத் தோலின் நிறம் வரும்வரை பொறுங்கள். மேலோட்டின் சுவையெல்லாம் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வருகிறது.

வெந்ததா என்று பார்க்க, அடியில் விரல் முட்டியால் தட்டினால் தேங்காய்போல் கணீரென்று வெற்றொலி கேட்க வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 96 முதல் 98 டிகிரி.

கம்பித்தட்டில் எடுத்து வைத்ததும் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். சடசடவென்று, அடுப்பிலிருந்து இறக்கிய அப்பளம் முறிவதுபோல மெல்லிய ஒலி வரும். உள்ளே ஆறிச் சுருங்க, மேலோடு நுண்ணிய வெடிப்பு விடும் ஒலி அது. ஒரு மணி நேரம் ஆறாமல் வெட்டாதீர்கள். உள்ளே மாவுப்பசை இன்னும் கெட்டியாகவில்லை, ஆவியும் அடங்கவில்லை. சூட்டோடு வெட்டினால் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும், மிச்சமும் களிபோல் ஆகிவிடும்.

டின்னில் மென்மையாக வேண்டுமென்றால்

குழந்தைகளுக்குச் சாண்ட்விச் கட்ட மொறுமொறு மேலோடு ஒத்துவராது. அதே மாவில் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் சேர்த்து, தண்ணீரை 275 மில்லியாகக் குறையுங்கள். எண்ணெய் தடவிய 23க்கு 13 செ.மீ. டின்னில் போட்டு, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரும்வரை ஊறவிட்டு, 200 டிகிரியில் 40 நிமிடம். முதல் இருபது நிமிடம் அலுமினியத் தாளைக் கூடாரம்போல் உயர்த்தி மூடுங்கள். எடுத்ததும் வெண்ணெய் தடவித் துணியால் மூடினால் தோல் மிருதுவாகும். பாலோ முட்டையோ சேர்க்கும் ஆசை இருந்தால் மாவை ஃப்ரிட்ஜிலேயே ஊறவிடுங்கள். நம் வெப்பத்தில் ஏழெட்டு மணி நேரம் வெளியே இருக்க அவை ஏற்றவை அல்ல.

ஓவனே இல்லாதவர்கள் மாவை இரண்டாகப் பிரித்து, இரண்டு செ.மீ. கனமான வட்டமாகத் தட்டி, எண்ணெய் தடவிய கனமான இரும்புச் சட்டியில் அரை மணி ஊறவிட்டு, மூடிபோட்டுச் சிறு தீயில் பக்கத்துக்கு 12 நிமிடம் சுடலாம். சட்டிக்கு அடியில் பழைய தோசைக்கல்லை வைத்தால் அடி கருகாது. இதற்குப் பிரஷர் குக்கரைத் தண்ணீரில்லாமல் காயவிடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தொடர்ந்து வெறுமனே காய்ந்தால் குக்கரின் அலுமினியமும் ரப்பர் வளையமும் கெடும், பிறகு அதே குக்கரில் அழுத்தம் ஏற்றிச் சமைப்பது ஆபத்து.

கோதுமை மாவில் செய்ய விரும்புவோர் பாதிக்குப் பாதி தொடங்குங்கள்: 200 கிராம் ஆட்டா, 200 கிராம் மைதா, 310 முதல் 320 மில்லி தண்ணீர். ஆட்டா கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். அதன் தவிடு குளூட்டன் இழைகளை வெட்டுவதால், முழு ஆட்டாவில் செய்த ரொட்டி மைதா அளவுக்கு எழும்பாது. சுவை அபாரமாக இருக்கும், உயரத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். ஓமம், கருஞ்சீரகம், எள் எல்லாம் முதலிலேயே சேர்க்கலாம். பச்சைப் பூண்டையும் பட்டைத்தூளையும் அப்படிச் சேர்த்தால் ஈஸ்ட் மந்தமாகும். பூண்டை வதக்கி, உருட்டும்போது மடிப்புக்குள் வையுங்கள்.

தவறுகள் எங்கே நிகழ்கின்றன

ரொட்டி தட்டையாகப் பரந்துவிட்டால், கண்களைப் பாருங்கள். சிறு கண்கள் நெருக்கமாக, மேலோடும் வெளிறிப் புளிப்பாக இருந்தால் அளவு மீறி ஊறியது. ஈஸ்ட் மாவுச் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிட்டதால் நிறமும் வரவில்லை. அடுத்த முறை ஈஸ்டைப் பாதியாக்குங்கள். அதே தட்டை ரொட்டி நன்றாகச் சிவந்து, சுவையும் சரியாக இருந்தால் தண்ணீர் அதிகம் அல்லது மைதாவில் புரதம் குறைவு. தண்ணீரில் 15 மில்லி குறைத்துப் பாருங்கள்.

அடிப்பகுதி களிபோல அடைந்து, மேலே மட்டும் குகைபோல ஒரு பெரிய ஓட்டை இருந்தால் ஊறல் போதவில்லை. பக்கவாட்டில் வெடித்துப் பிதுங்கினாலும் அதே காரணம், அல்லது கீறல் ஆழமில்லை. உள்ளே முழுதும் ஈரப்பிசுபிசுப்பு என்றால் பெரும்பாலும் ஆறாமல் வெட்டியதுதான். ஆறியும் அப்படியென்றால் மூடியில்லாமல் சுடும் நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டுங்கள்.

அடி கருகுவது ஓடிஜியில் வழக்கமான தொல்லை, கீழ்க் கம்பி மிக அருகில் இருப்பதால். பாத்திரத்துக்கு அடியில் ஒரு வெறும் அலுமினியத் தட்டை வைத்தால் சூடு நேராகத் தாக்காது. பாத்திரத்துக்குள் தாளுக்கு அடியில் ஒரு கைப்பிடி ரவை தூவுவதும் உதவும்.

மாவு துளியும் அசையவில்லையா? ஈஸ்ட் செத்தது, அல்லது தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றப்பட்டது. 55, 60 டிகிரியில் ஈஸ்ட் பிழைக்காது. உப்பை மறந்துவிட்டால் மாவு வெறிபிடித்ததுபோல் வேகமாகப் பொங்கும், கையில் பிடிக்க முடியாமல் ஒட்டும். சுவைத்துச் சோதிக்க வேண்டாம், பச்சை மாவு வயிற்றுக்கு நல்லதல்ல.

வைத்திருப்பது

முதல் நாள் வெட்டிய பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து வைத்தாலே போதும். பிளாஸ்டிக் பையில் போட்டால் மேலோடு நமுத்துவிடும். ஃப்ரிட்ஜ் பிரெட்டுக்கு எதிரி. அந்தக் குளிரில்தான் மாவுப்பசை மிக வேகமாக இறுகி ரொட்டி வறட்டியாகும். இரண்டாம் நாளுக்கு மேல் வேண்டுமானால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது எடுத்து நேராகத் தோசைக்கல்லில் சுடுங்கள்.

வெயிலும் ஈரமும் கூடிய மாதங்களில் பூஞ்சையைத் தவிர இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளியே நன்றாக இருக்கும் ரொட்டியைப் பிய்த்தால் உள்ளே நூல் நூலாக இழுபட்டு, அழுகிய அன்னாசிபோல இனிப்பு வாடை வீசும். சுடும்போது சாகாத பாக்டீரியா வித்துகள் ஈர வெப்பத்தில் முளைப்பதால் வருவது இது. முழு ரொட்டியையும் எறிந்துவிட்டு, பலகை, கத்தி, பாத்திரம் எல்லாவற்றையும் வினிகர் கலந்த தண்ணீரில் கழுவுங்கள். அடுத்த சில தடவை மாவில் இரண்டு டீஸ்பூன் வினிகர் சேர்த்தால் அந்தப் பாக்டீரியா தலைதூக்காது.

மாவு ஒட்டிய பாத்திரத்தை வெந்நீரில் கழுவாதீர்கள், மாவுப்பசை வெந்து கெட்டியாக அப்பிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்தால் தானே கழன்று வரும். கழுவுமுன், உருட்டும் நேரத்தில் ஒரு எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், நான்கைந்து நாள் தாங்கும். அடுத்த மாவு கலக்கும்போது அதைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் இன்னும் ஒரு சிட்டிகை குறைத்துப் போடலாம், வாசனையும் ஒரு படி கூடும்.